அவர் சொன்னது ஆழினி, நான் அடித்தது யாழினி

இது நடந்து ஆறு வருடம் ஆகப்போகிறது. அறந்தாங்கியில் தாலுகா ஆபீஸுக்குப் போகிற ரோட்டில் நான் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், வருகிறவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கடை அவ்வளவுதான். பட்டா, சாதிச் சான்று, காலேஜ் அப்ளிகேஷன் என்று எதை ஆன்லைனில் பதிய வேண்டுமானாலும் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் என்னிடம் வருவார்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று பேராவது குழந்தைக்குப் பெயர் பதிய வருவார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பிறப்பைப் பதிந்துவிடுவார்கள், ஆனால் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். வீட்டில் பெயர் முடிவான பிறகு அதற்குத் தனியாக விண்ணப்பம் கொடுத்துச் சேர்க்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை அடித்துக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஏனென்றால் என் பெயர் அப்படி. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் என்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு அதே பெயர். டீச்சர் கூப்பிட்டால் ஐந்து பேரும் எழுந்து நிற்போம். அதனாலேயே யாராவது புதிதாக ஒரு பெயரோடு வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.ஏ. தமிழ் படித்தவள். காலேஜில் உச்சரிப்புப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் சிரித்துக்கொண்டே திருத்துவேன். அது ஒரு நல்ல காரியம் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் ‘யாழினி’ என்ற பெயர் அப்படி ஓடிக்கொண்டிருந்தது. வருகிற பெண் குழந்தைகளில் எப்படியும் ஒரு யாழினி இருக்கும். என் கம்ப்யூட்டரில் ‘யா’ என்று தட்டினாலே மீதி எழுத்துகள் தானாக வந்து நிற்கும்.

ஒரு ஆவணி மாதக் காலை. கட்டுமாவடியிலிருந்து மீன் லோடு இறக்க வந்த ஒருவர் கடைக்குள் வந்தார். முப்பது வயது இருக்கலாம். கைலியின் ஓரமெல்லாம் ஈரம். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நனைந்துவிடும் என்று உட்காராமலே நின்றார். மகள் பிறந்து மூன்று மாதம் ஆகிறது, பெயர் சேர்க்க வேண்டும் என்றார். மனைவி தாய் வீட்டில் இருக்கிறாராம். பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஐஸ் பெட்டி தூக்கியதில் நனைந்து, மை முழுக்கக் கரைந்து, நீலக் கறையாக இருந்தது.

“பேரு என்னங்க?” என்றேன்.

“ஆளினிங்க.”

“யாழினியா?”

“ஆமாங்க. ஆளினி.”

நான் அடித்துவிட்டு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார் என்று அவர் உதடு அசைந்ததிலேயே தெரிந்தது. கொஞ்சம் தயங்கினார்.

“இல்லங்க, ‘ஆ’வன்னாதான்னு எம்பொண்டாட்டி சொன்ன மாதிரி இருக்கு. போன் போட்டேன், டவர் கெடைக்கல. கேட்டுட்டு நாளைக்கு வேணா வரட்டுங்களா?”

“இதுக்காக எதுக்கு அண்ணே இன்னொரு தடவ அலையிறீங்க? நம்ம பக்கம் யானையை ஆனைன்னு சொல்றோம், யாருங்கிறதை ஆருங்கிறோம். இதுவும் அப்படித்தான். பேச்சுல ‘ஆ’ வரும். எழுத்துல ‘யா’தான்.”

அவர் இன்னொரு தடவை ஸ்கிரீனைப் பார்த்தார். “நீங்க படிச்சவுங்க. சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே போனவர் திரும்பி வந்து, ஒரு பையில் நண்டு கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. புள்ளை பேரு பதிஞ்சிருக்கு, வெறுங்கையோட போகக் கூடாது என்றார். அன்று எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. நானும் என் கணவரும் மகனும் ருசித்துச் சாப்பிட்டோம். பத்து நாளில் சான்றிதழ் வந்தது. அவரே வந்து வாங்கிப்போனார். நான் அந்த விஷயத்தை அதோடு மறந்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் தோளில் குழந்தையைச் சாய்த்தபடி வந்து நின்றார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். குழந்தை விழித்துத்தான் இருந்தது, ஆனால் ஓடியாடிக் களைத்த குழந்தை மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கால்கள் குச்சி குச்சியாகத் தொங்கின. அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதை அடிச்சது நீங்கதானாக்கா?”

பார்த்தேன். என் கடையில் அடித்த விண்ணப்பம்தான். கட்டுமாவடி, அப்பா பெயர், எல்லாம் ஞாபகம் வந்தது. ஆமாம் என்றேன்.

“எம்புள்ள பேரு ஆழினிக்கா” என்றார்.

அந்த ‘ழி’ இன்னும் என் காதில் இருக்கிறது. நாக்கு மடங்கி, எந்தச் சிரமமும் இல்லாமல், அப்படி ஒரு சுத்தமான உச்சரிப்பு. பரிசு வாங்கிய எனக்கே அவ்வளவு இயல்பாக வராது. ‘ஆழினி’ என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஆழி என்றால் கடல் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கடற்கரையிலிருந்து ஒருவர் வந்து அந்தப் பெயரைச் சொன்னபோது மட்டும் எனக்கு அது தோன்றவில்லை.

இதை ஒத்துக்கொள்ள எனக்கு உடனே மனம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது, “ஒங்க வீட்டுக்காரர்தாம்மா சொன்னாரு. கையெழுத்தும் அவரு போட்டதுதான்” என்பது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறார். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லி, அரசு காப்பீட்டில் செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை சேர்க்க வேண்டும். அங்கே எல்லாத் தாள்களிலும் தாய் சொன்ன பெயர் ஆழினி. காப்பீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது, டிரங்குப் பெட்டியில் அப்பா பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் யாழினி. அதுவரை அந்தப் பெண் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. இரண்டும் வேறு வேறு குழந்தை மாதிரி இருக்கிறது, சான்றிதழைச் சரிசெய்து கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் இந்த நாள் தள்ளிப்போகும், அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

என் மனசு குறுக்குவழி தேடியது. சான்றிதழைத் திருத்துவது கஷ்டம், ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கேட்டு அவர்கள் தாள்களில் யாழினி என்று மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “யாழினியும் நல்ல பேருதாம்மா. இப்ப எல்லாரும் விரும்பி வைக்கிற பேரு” என்றும் சொல்லிவைத்தேன்.

அந்தப் பெண் குழந்தையின் நெற்றியில் வேர்வையைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இவ வயித்துல ஏழு மாசங்க்கா. இவுக அப்பா கடலுக்குப் போன படகு திரும்பி வரல. இஞ்சின் நின்னுபோயி, காத்து இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு நாளு. எல்லாரும் கரையில நின்னு அழுவுறாக. எனக்கு அழுகையே வரல. தண்ணிக்குள்ள எறங்கி நின்னு, அவரை விட்டுரு, எம்புள்ளைக்கு ஒம்பேரையே வைக்கிறேன்னு சொன்னேன். மறுநாளு இன்னொரு போட்டுக்காரக கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாக. பன்னெண்டாவது படிக்கிறப்ப கடலுக்கு ஆழின்னு ஒரு பேரு சொல்லிக் குடுத்தாக. அதுல பொம்பளப் புள்ளைக்கு ஆகுற மாதிரி நானேதான் ஆழினின்னு வச்சேன். இப்ப பதிவுல வேற பேரு இருக்குன்னு தெரிஞ்சதுலேர்ந்து, சொன்னதைச் செய்யலையேன்னு அது கோவிச்சுக்கிச்சோன்னு இருக்குக்கா. அதெல்லாம் இல்லைன்னு டாக்டர் சொல்றாக. எனக்கும் தெரியுது. ஆனா மனசு கேக்கல.”

என்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடலாவது கோபிப்பதாவது என்று நானும் சொல்லக்கூடியவள்தான். ஆனால் ஆபரேஷனுக்குப் போகிற குழந்தையின் தாய் இப்படி ஒரு பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போக நான் காரணமாகிவிட்டேன். ஒரே ஓர் எழுத்து. அன்று அந்த அண்ணன் சொன்ன ‘ஆ’வை அப்படியே அடித்திருந்தால் அது நடந்திருக்காது.

“வாம்மா, போவோம்” என்றேன். கடையைப் பூட்டினேன்.

அன்று பதிவு அலுவலகத்தில் எங்கள் முறை வரவே மதியம் தாண்டிவிட்டது. அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதுக்கு மேல். கண்டிப்பானவர் என்று எனக்கு முன்பே தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு தடவை பதிந்த பெயரை மாற்றுவதற்கு வழி கிடையாது, எழுத்துப்பிழை என்று நிரூபித்தால் மட்டும் திருத்தலாம் என்றார். “பேரு புடிக்காம மாத்த வர்றவங்க எல்லாருமே எழுத்துப்பிழைன்னுதாம்மா சொல்றாங்க. நான் எதை நம்புறது?” என்று கேட்டார். அதில் தப்பே இல்லை. கடைசியில் இரண்டு விஷயம் கேட்டார். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே குழந்தையை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு. விண்ணப்பத்தை அடித்தவர், தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் உடனே வேண்டாம் என்றார். “வாயால சொல்லு, மன்னிப்புக் கேளு, கூட அலை. எழுத்துல மட்டும் குடுக்காத. நாளைக்கு யாராவது அதைத் தூக்கிக் காட்டி நம்ம சென்டரை மூடச் சொன்னா என்ன பண்ணுவ?” என்றார். அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கடைதான் ஆதாரம். நானும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். யார் யாருக்கோ எத்தனையோ விண்ணப்பம் எழுதிக் கொடுத்த எனக்கு, எனக்காக நாலு வரி எழுத வரவில்லை. ‘பெயரைத் தந்தையார் சரியாகக் கூறினார். நான் அதைத் தவறு என்று கருதி மாற்றி அடித்தேன்’ என்ற வரி வந்த பிறகு மீதி தானாக வந்தது. எழுதி முடித்து அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில், “நர்சைப் பாக்கணும்னியே, எந்த ஊரு? பைக்கை எடுக்கிறேன்” என்றார்.

நர்ஸ் என்றது, அந்தப் பெண்ணின் தாய் வீடு இருக்கும் மணமேல்குடிப் பக்கத்துக் கிராமத்தில் குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட்டவரை. ஒன்றரை மாதத்தில் போட்ட ஊசி. அப்போது பெயர் கேட்டு எழுதியிருப்பார், அந்தத் தேதி விண்ணப்பத்துக்கு முந்தியது. அந்த நர்சம்மா பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் தரையில் பரப்பி, முட்டி போட்டு உட்கார்ந்து தேடினார். நானும் கூட உட்கார்ந்தேன். நாலாவது நோட்டில் கிடைத்தது. சந்தோஷத்தில் வாங்கிப் பார்த்தேன். ‘ஆளினி’ என்று எழுதியிருந்தது. ‘ழ’வுக்குப் பதிலாக ‘ள’ போட்ட ஆளினி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நர்சம்மா சங்கடப்பட்டார். “அன்னைக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்தது அந்தப் பொண்ணோட ஆத்தாதாங்க. அவுக அப்படித்தான் சொன்னாக. எனக்கு என்ன தெரியும், காதுல விழுந்ததை எழுதுனேன்” என்றார்.

காதில் விழுந்ததை எழுதினேன் என்று அவர் சாதாரணமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் அதைக்கூடச் செய்யவில்லையே. அவர் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை. அந்த இரண்டு நாளும் நகரவே இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே நானும் அந்தப் பெண்ணும் வாசலில் நின்றோம். குழந்தையும் கூட இருந்தது, வீட்டில் விட்டுவர முடியாத நிலை.

அதிகாரி எல்லாத் தாளையும் மேசையில் பரப்பினார். “சான்றிதழ்ல யாழினி. நர்ஸ் நோட்டுல ஆளினி. நீங்க கேக்குறது ஆழினி. ஒரு புள்ளைக்கு மூணு பேரா?” என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பேச ஆரம்பித்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அந்தப் பெண்ணிடம் நீட்டி, “நீ எழுதும்மா. எழுதிட்டு, சொல்லு” என்றார். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கியபடியே எழுதினார். எழுதிவிட்டுப் படித்தார். மறுபடி அதே ‘ழி’.

“என்ன அர்த்தம்?”

“கடலோட மகன்னு... கடலோட மகள்னு அர்த்தங்க” என்று பயத்தில் தடுமாறிச் சொன்னார்.

அதிகாரி சத்தம் இல்லாமல் ஒருமுறை அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் அது ‘ளி’ என்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் என் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். “நர்ஸ் நோட்டுலயும் மொத எழுத்து ‘ஆ’தான். தேதியும் முந்துன தேதி. ள, ழ கொழப்பம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் உள்ளது. அடிச்சவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இது போதும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு தடவ இப்படி ஒரு தாளு ஒங்க கடையிலேர்ந்து வந்துச்சுன்னா நானே மேல எழுதிருவேன்” என்றார். தலையாட்டினேன். அந்த ‘இது போதும்’ என்ற வார்த்தையைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு வேறு இல்லை.

அன்று மதியம் அவர் சாப்பிட எழுந்து போகவில்லை. டிபன் கேரியர் அவர் மேசையிலேயே மூடியபடி இருந்தது. திருத்தத்துக்கான வேலையை அவரே உட்கார்ந்து முடித்து, மேலே ஒப்புதல் தர வேண்டியவரிடம் போனில் பேசி, குழந்தையின் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாலை திருத்திய சான்றிதழ் கையில் வந்தது. ஒவ்வோர் எழுத்தாக நான் பார்த்தேன். பிறகு அந்தப் பெண் பார்த்தார். ஆ. ழி. னி.

புதன்கிழமை காலை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவர்களைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். குழந்தையின் அப்பாவை அந்த ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க மேடம். நான் அன்னைக்கு வெவரமா சொல்லாம விட்டுட்டேன். ஒங்களுக்கும் அலைச்சலாப் போச்சு” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. “நீங்க சரியாத்தான் அண்ணே சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க. நான்தான் கேக்கல” என்றேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் அழுதேன். அவர் செய்வதறியாமல் நின்றார். அந்தப் பெண்தான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் நகரும்வரை விடவில்லை.

வியாழன் சேர்த்தார்கள். சனிக்கிழமை ஆபரேஷன். அன்று நான் கடையைத் திறந்து வைத்திருந்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை. போனை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை நாலு மணிக்கு மேல் மணி அடித்தது. அந்தப் பெண்தான். முதலில் பேச்சு வரவில்லை, மூச்சுச் சத்தம்தான் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் சொன்னார்.

“நல்லா இருக்காக்கா. முடிஞ்சிருச்சு. கதவைத் தொறந்துக்கிட்டு ஒரு நர்சு வந்து, ஆழினி கூட வந்தவங்க யாருன்னு கூப்புட்டாக. கேரளாப் புள்ள போல. என்ன சுத்தமாச் சொன்னாக தெரியுமாக்கா! எம்புள்ள பேரை வெளி ஆளு ஒருத்தர் சரியாச் சொல்லி இன்னைக்குத்தான் கேட்டேன்.”

சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுமாவடிக்கு வரச் சொன்னார்கள். நானும் கணவரும் மகனும் போனோம். படகுகள் கரையேறி, மீன் ஏலம் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்திருந்த நேரம். குழந்தைக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அந்தப் பெண் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, குழந்தையின் பாதத்தை மட்டும் அலையில் நனைத்து, கடலைப் பார்த்து மூன்று தடவை பெயரைச் சொன்னார். சத்தமாக இல்லை, பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வதுபோல. குழந்தை தண்ணீரின் குளிர்ச்சியில் காலை உதறிச் சிரித்தது. மூச்சு வாங்கவே இல்லை. பூஜை, தேங்காய், சூடம் எதுவும் கிடையாது. எனக்குக் கடலிடம் வேண்டும் பழக்கம் இல்லை. இருந்தும் அன்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றேன்.

என் கடிதத்தால் யாரும் சென்டரை மூடச் சொல்லவில்லை. அந்த அதிகாரி ஓய்வுபெற்றுப் போகும்வரை, பெயர் விஷயத்தில் சிக்கல் என்று வருகிறவர்களை என்னிடம்தான் அனுப்பிவைத்தார். “அந்தம்மா ஒரு தடவ பட்டுருக்கு, பாத்து அடிக்கும்” என்று சொல்லி அனுப்புவாராம்.

இப்போது என் கடையில் பெயர் பதிய வருகிறவர்களிடம் நான் பெயரைச் சொல்லச் சொல்லி, எழுதச் சொல்லி, அர்த்தத்தையும் கேட்டுவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்கிறேன். தாய் வரவில்லை என்றால் போனில் கேட்காமல் அடிப்பதில்லை. சில பேர் எரிச்சல்படுவார்கள், ஒரு பேருக்கு இவ்வளவு கேள்வியா என்று. அப்படி வந்தவர்களிலேயே, கடற்கரைப் பக்கத்திலிருந்து இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் குழந்தைக்கும் ஆழினி என்றே வைத்தார்கள். ஆபரேஷன் கதை அந்தக் கரை முழுக்கப் பரவிவிட்டது போல. முதல் ஆழினியின் தாயிடம் இதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது, தன் பிள்ளைக்கென்று வைத்த பெயர் ஆயிற்றே என்று. அவர் சிரித்தார். “வச்சுக்கிறட்டும்க்கா. கடலு என்ன எங்க வீட்டுக்கு மட்டுமா?” என்றார். ஐந்து பேரில் ஒருத்தியாகப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றதை நினைத்துப் பார்த்தேன். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்று அன்று தோன்றியது.

இந்த வருடம் அந்தக் குழந்தை ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் சேர்க்க ஏதோ ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்று அப்பாவோடு வந்திருந்தாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. பெயர் என்ன என்று வேண்டுமென்றே அவளிடமே கேட்டேன். பல் விழுந்த இடத்தில் காற்றுப் போக, ‘ஆயினி’ என்பதுபோல் என்னவோ சொன்னாள். அவள் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக அவளுக்குக் காட்டிக் காட்டி அடித்தேன்.

என் தவறால் நஷ்டப்பட்டவர்கள் அவர்கள். கத்தியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டி வந்து கேட்டிருக்கலாம், எல்லாம் நியாயமாக இருந்திருக்கும். அவர்கள் என்னை உட்காரவைத்துச் சொல்லி, திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். யார் என் முன்னால் வந்து தன் பிள்ளையின் பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயரைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியாது என்ற பணிவை அந்தக் கட்டுமாவடிக் குடும்பம் எனக்குக் கொடுத்தது. அதற்காக இன்றுவரை ஒவ்வொரு பெயரை அடிக்கும்போதும் மனதுக்குள் அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.